பத்மநாபனுக்கு நாளை ஆப்ரேஷன்

சேட் நானாலால் தர்ம மருத்துவமனையில் பித்தப்பைக் கல் பெண்களின் சொத்து. நாற்பதைத் தொட்ட வயது, பருத்த உடம்பு, சிவந்த மேனி, பிள்ளை பெற்ற வயிறு இவையெல்லாம் கூடி வந்தால்தான் கல் வரும் என்று பாடப்புத்தகம் சொல்லியிருந்தது. புத்தகம் லண்டனில் அச்சானது. அதை மீறிப் புனேயில் ஓர் ஆண் கல் வளர்த்துக்கொண்டு வருவது ஒழுங்கீனமாகக் கருதப்பட்டது. ஆணுக்கு வயிறு வலித்தால் அதற்கு அங்கே ஒரே பெயர்தான்: குடி.

புனேயின் போபோடியிலிருந்து அங்கே போன ஜோசப்ராஜுக்கு இது தெரியாது. கட்கியில் ஒரு தொழிற்சாலையில் டர்னர் வேலை. பாளையங்கோட்டையிலிருந்து கண்டோன்மென்ட் பக்கம் வந்து எப்போதோ வேர்விட்ட குடும்பம். வலது விலாவுக்குக் கீழே யாரோ திருப்புளியை வைத்துத் திருகுவதுபோல் வலி வந்ததும் லீவு போட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். தாமதம் செய்யவில்லை. பின்னால் அவரைப் பற்றிப் பேசப்பட்டவற்றை நினைத்துத்தான் இதை முதலிலேயே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

"எத்தனை வருஷமா குடிக்கிறே?" என்று இந்தியில் கேட்டார் வெளிநோயாளிப் பிரிவு டாக்டர்.

"குடிக்கிறதில்ல ஸாப்."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க" என்று டாக்டர் அன்பாகச் சொல்லி, குடி மறப்போர் வட்டத்துக்கு அனுப்பிவைத்தார்.

வட்டத்தில், குடித்ததை ஒப்புக்கொள்வதே குணமாவதின் முதல் படி என்றார்கள். ஜோசப்ராஜ் மறுத்தார். மறுப்பது நோய் முற்றியதன் அடையாளம் என்றார்கள். மறுபடி வலி வந்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது மறுபடி அங்கேயே உட்காரவைத்தார்கள். கடைசியில், தன்னால் மற்றவர்களுக்குக் கூட்டம் முடியாமல் இழுக்கிறதே என்ற சங்கடத்தில், "சரி, குடிச்சேன்" என்றார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். சட்டையில் ஒரு நீலப் பேட்ஜ் குத்தி அனுப்பினார்கள்.

கண்டோன்மென்ட் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த அவர் மனைவி மில்ட்ரெட் பேட்ஜைப் பார்த்தார்.

"என்னது இது?"

"நான் குடிய விட்டுட்டேனாம்."

"எப்ப ஆரம்பிச்சீங்க?"

"இன்னிக்குக் காலைல."

அடுத்த தடவை மில்ட்ரெட்டும் கூடவே போய், ஸ்கேன் எடுக்காமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். பித்தப்பை ஸ்கேன் பெண்கள் நாளில்தான் உண்டு. முக்காடு போட்ட அம்மாக்களின் வரிசையில் ஜோசப்ராஜ் ஒருவர் மட்டும் மீசையோடு உட்கார்ந்திருந்தார். திரையில் கல் தெரிந்தது. ஸ்கேன் டாக்டர் பக்கத்து அறைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் திரையைப் பார்த்தார்கள், மீசையைப் பார்த்தார்கள், மறுபடி திரையைப் பார்த்தார்கள். பழைய இரண்டு வருகைகளின்போதும் இந்தக் கல் இங்கேதான் இருந்தது என்று மில்ட்ரெட் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அவரை உடனே படுக்கவைத்தார்கள். அது இரக்கத்தால் அல்ல. அந்த வருஷம் அறுவைத் துறைத் தலைவர் டாக்டர் லிமயே ஒரு தேசிய மாநாட்டில் பேசுவதாக இருந்தார். தலைப்பு: 'ஆண்களில் பித்தப்பைக் கல்: தாமதத்தின் துயரம்'. அதுவரை நம்பப்படாத ஆண்கள் திடீரென்று தேடப்பட்டார்கள்.

ஆண்கள் வார்டு கருங்கல் கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. ஆடி மாத மழை. சுவர் வியர்த்துக்கொண்டே இருந்தது. நடையில் ஒரு கண்ணாடி அலமாரி; அதில் வரிசையாகச் சிறு பாட்டில்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் பெயரும், அடியில் அவள் கல்லும். கீழ்த்தட்டு புதிதாக ஆண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே ஒரு பாட்டிலில் 'ஜோசப்ராஜ்' என்று லேபிள் ஒட்டியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை, வெறும் திரவம் மட்டும். ஸ்ட்ரெச்சர் அதைக் கடக்கும்போது அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். தனக்காக ஒரு பாட்டில் காத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு படுக்கப் போவது எப்படியிருக்கும் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஜன்னலோரம் பத்மநாபன் இருந்தார். கோயமுத்தூர்க்காரர். ஹடப்சரில் ஒரு பம்பு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவர். ஆள் பெரிய உருவம். கட்டில் அவருக்கு ஏற்ற மாதிரி நடுவில் குழிந்திருந்தது.

"வாங்க வாங்க. கல்லுங்களா?" என்றார், கல்யாண வீட்டில் வரவேற்பவர்போல.

"ஆமா ஸார். எப்ப ஆப்ரேஷன் செய்வாங்க?"

"ஆறுனதுக்கு அப்புறமுங்க."

"என்னது ஆறணும்?"

"பை. சூடா இருக்குதாம். புதுசா ஒரு மிஷின் வாங்கியிருக்காங்கல்லங்க, வயித்துல சின்ன ஓட்டை போட்டு டெலஸ்கோப் உடறது? அதுல பொம்பளைங்களுக்கெல்லாம் பண்ணிப் பண்ணி இதுவரைக்கும் ஒருத்தர் வயித்தக்கூட கிழிச்சுத் தெறக்கலையாம். நம்முளுது வீங்கி ஒட்டிப் போயிருக்குமாம். டெலஸ்கோப்புல முடியலீன்னா கிழிக்கோணும். கிழிச்சா பெரியவர் லிமயேவோட ரிக்கார்டு கெட்டுப் போயிரும். அதனால ஆறட்டும்கறாங்க. இட்லி மாவு பொங்குனா ஊத்துவாங்க. இங்க பொங்குனா மூடி வெச்சுருவாங்க." அவர் சிரித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினார்.

"எவ்வளவு நாளு ஆகும்?"

"என்னுது ஆறுதுங்க, மறுபடி சுடுது. ஆறுது, சுடுது. வீட்ல கனகவல்லி ரசஞ்சோறு கொண்டாந்தா. வேண்டாம்னுட்டாங்க. ரசம் சுடுமாம்."

காலையில் ரவுண்ட்ஸ் நடக்கும். அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் வார்டு பாய் வந்து ஜன்னல்களைச் சாத்துவார். பெரியவருக்குக் காற்று ஆகாது. பிறகு பயிற்சி டாக்டர்கள் உயர வரிசையில் நிற்பார்கள். கடைசியில் டாக்டர் லிமயே வருவார். அவர் கேள்வி கேட்பார். பதில் சொல்லும் உரிமை மூத்த பயிற்சி டாக்டர் ராஜஸ்ரீக்கு மட்டும். நோயாளி பதில் சொல்லக் கூடாது. அது தயாரிக்கப்படாத பதில். டாக்டர் லிமயே நோயாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. முகம் அறுவைத் துறையைச் சேர்ந்ததல்ல.

ஜோசப்ராஜின் கட்டிலருகே வந்ததும் அவர் பயிற்சி டாக்டர்கள் பக்கம் திரும்பிப் பேசினார்.

"இவரைப் பாருங்கள். இந்திய ஆண்! வலியை மறைப்பதை வீரம் என்று நினைப்பவன். முற்றவிட்ட பிறகு நம் வாசலில் வந்து விழுகிறான். பெண்கள் முனகிக்கொண்டாவது வந்துவிடுகிறார்கள். அதனால்தான் பெண்களுக்கு நல்ல முடிவுகள் வருகின்றன, ஆண்களுக்குச் சிக்கல்கள் வருகின்றன. காரணம் என்ன? தாமதம்."

"ஸர், நான் முன்னாலயே ரெண்டு தடவை..." என்று ஜோசப்ராஜ் ஆரம்பித்தார்.

டாக்டர் ராஜஸ்ரீ கண்களால் கெஞ்சினார்.

"நோயாளிக்குப் பிதற்றல் இருக்கிறதா?" என்று கேட்டார் டாக்டர் லிமயே.

"லேசாக, ஸர்" என்றார் ராஜஸ்ரீ.

"ஆறட்டும்."

ஒரு மத்தியானம், சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தபோது, பத்மநாபனின் கல் பையிலிருந்து நழுவிப்போய்க் கணையத்தின் வாயை அடைத்தது. அவர் கத்தவில்லை. "ஏனுங்க, அந்த ஜன்னலக் கொஞ்சம் தெறங்க" என்றார். ஜோசப்ராஜ் எழுந்து போய்த் திறந்தார். மழைச்சாரல் உள்ளே அடித்தது. "போதுமுங்க" என்றார் பத்மநாபன். ராஜஸ்ரீ ஓடிவந்து ஊசிகள் போட்டார். பெரியவரைக் கேட்காமல் எதையும் திறக்க முடியாது. பெரியவர் மாநாட்டுக் குழுவோடு சாப்பாட்டில் இருந்தார். கனகவல்லி ஹடப்சரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது பச்சைத் திரையை இழுத்து மூடியிருந்தார்கள். பிணவறையில் உடலை வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார் என்று வார்டு சிஸ்டர் அமலா சொன்னார்.

மறுநாள் ரவுண்ட்ஸில் டாக்டர் லிமயே ஜன்னலோரக் கட்டிலின் முன்னால் நின்றார். விரிப்பு மாற்றப்பட்டுச் சுத்தமாக இருந்தது.

"பத்மநாபன் எழுந்து நடமாடுகிறாரா?"

டாக்டர் ராஜஸ்ரீ வாயைத் திறந்தார், மூடினார். "படுக்கையில் இல்லை, ஸர்."

"நல்ல அறிகுறி. காய்ச்சல்?"

"இல்லை, ஸர்."

"வலி?"

"இல்லை, ஸர்."

"வாந்தி?"

"இல்லை, ஸர்."

ஒரு பதில்கூடப் பொய்யில்லை. டாக்டர் லிமயே கட்டிலைப் பார்த்துத் தலையசைத்தார். "பார்த்தீர்களா? பொறுமை. ஆறவிட்டால் ஆறும்."

ஊர்வலம் போனதும் ஜோசப்ராஜ் சிஸ்டர் அமலாவைக் கூப்பிட்டார். அமலா நாகர்கோவில் பக்கத்துக்காரர். தமிழில் பேசக் கிடைத்தால் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவார்.

"சிஸ்டர், அவரு செத்துட்டாருன்னு சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லக் கூடாது அண்ணாச்சி. டிபார்ட்மென்டுல செத்தா மரணக் கூட்டத்துலதான் சொல்லணும். மாசக் கடைசில எல்லாரும் உக்காந்து எதனால செத்தாருன்னு பேசி முடிவு செய்வாங்க. முடிவாகுத வரைக்கும் இங்க யாரும் சாகல."

"அப்ப அந்தம்மா எரிச்சது?"

"அது உடம்பு. உடம்பு பிணவறைக்காரங்களது, எதுத்த கட்டடம். பேஷன்ட் நம்மளுது. ரெண்டு டிபார்ட்மென்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது."

"கூட்டத்த எப்ப வைப்பாங்க?"

"மாநாடு முடியட்டும்னு தள்ளிப் போட்டிருக்காங்க."

அன்று மத்தியானம் ஜன்னலோரக் கட்டிலுக்கு கிச்சடி வந்தது. தட்டை வைத்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரம் ஆவி பறந்தது, பிறகு அடங்கியது. வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். "சாப்பிடவில்லை" என்பதற்குப் பதில் "பத்தியம் இருக்கிறார்" என்று பெரியவரிடம் சொல்லப்பட்டது. அவர் மகிழ்ந்தார்.

அதற்கப்புறம் டாக்டர் லிமயேக்கு அந்தக் கட்டிலின் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. முணுமுணுக்காத, இருமாத, உறவினர்களை அனுப்பி நச்சரிக்காத நோயாளியை அவர் அதுவரை பார்த்ததில்லை. வழக்கத்தை மீறி நேரடியாகவே பேச ஆரம்பித்தார். "என்ன பத்மநாபன், எப்படியிருக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் கொஞ்சம் நிற்பார். அந்த இடைவெளியில் பயிற்சி டாக்டர்கள் எல்லோரும் கட்டிலின் நடுக் குழிவையே பார்ப்பார்கள். யாரும் படுக்காத மெத்தை நாள் போனால் மேடாக வேண்டும், அது ஆகவில்லை. பெரியவர் நிற்கும் நேரம் ஒவ்வொரு காலையும் நீண்டது. ஒரு காலை, மழை சற்று ஓய்ந்திருந்தபோது, அந்த அமைதிக்குள் யாரோ மெதுவாக "பரவால்லீங்க" என்றது ஜோசப்ராஜுக்குக் கேட்டது. அவருக்குக் காய்ச்சல், கேட்டிருக்கலாம். டாக்டர் லிமயேக்குக் காய்ச்சல் இல்லை. ஆனால் அவரும் அதே கணத்தில் தலையசைத்து, "நல்லது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஜோசப்ராஜின் விலாவுக்குக் கீழே இப்போது எலுமிச்சம்பழம்போல் ஒன்று கையில் தட்டுப்பட்டது. தொட்டால் உயிர் போயிற்று. நடுக்கம் வந்து கட்டில் கிடுகிடுத்தது. பையில் சீழ் கட்டிவிட்டது, இனி அது உடைந்தால் காப்பாற்ற முடியாது என்று ராஜஸ்ரீ தனியாக மில்ட்ரெட்டிடம் சொன்னார். ரவுண்ட்ஸில் மிக ஜாக்கிரதையாக, "ஜோசப்ராஜுக்குச் சூடு ஏறுகிறது, ஸர்" என்றார்.

"ஏறினால்?"

"அறுவை..."

"சூட்டில் கை வைப்பதா? மாநாட்டுக்கு வெளியூர்ப் பேராசிரியர்கள் வந்து நிற்கிறார்கள். நாளை அவர்கள் முன்னால் டெலஸ்கோப்பில் ஆணுக்கு அறுவை செய்து காட்டப்போகிறேன். முழுக்க ஆறிய ஆண் இந்த வார்டில் யார்?"

பதில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டாக்டர் லிமயே ஜன்னல் பக்கம் கையை நீட்டினார்.

"பத்மநாபனுக்கு நாளை ஆப்ரேஷன். முதல் கேஸ்."

சாயங்காலம் மில்ட்ரெட் வந்தபோது அமலா குளூக்கோஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், வேற எங்கயாவது இவர கொண்டு போயிருதேன். எங்கயாவது."

"அனுப்ப மாட்டாங்க டீச்சர். பெரியவரோட மாநாட்டுப் பேச்சுல இவர் வர்றாரு. டிஸ்சார்ஜ் கையெழுத்துப் போட்டா ராஜஸ்ரீ டாக்டர பெரியவர் பரீட்சைல பெயிலாக்கிருவாரு. அதுவும் இல்லாம, இந்த நிலமையில ஆட்டோல தூக்கிப் போட்டா வழியிலயே..."

"அப்ப நாளைக்கு மாநாட்டு ஆப்ரேஷன் யாருக்கு?"

"பத்மநாபனுக்கு."

"அவருதான் போயிட்டாரே!"

"போயிட்டாரு. ஆனா அவருக்குத்தான் ஆப்ரேஷன்."

மில்ட்ரெட் ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு ஸ்டூல் அகலம்தான்.

"சிஸ்டர், ஆளப் பாத்துக் கூட்டிட்டுப் போவாங்களா, கட்டிலப் பாத்தா?"

அமலா குளூக்கோஸ் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கட்டிலத்தான் பாப்பாங்க" என்றார்.

"என்னங்க, எந்திரிங்க. அந்தப் பக்கம் படுங்க."

ஜோசப்ராஜுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "ஏ மில்ட்ரெட், செத்த மனுஷன் எடம். பேர மாத்திச் சொல்லணும். பொய்யில்லா?"

"குடிச்சேன்னு சொன்னீங்களே, அப்ப எங்க போச்சு உண்மை? வாங்க."

"அது வேற."

"அது அவங்களுக்காவ சொன்னது. இத எனக்காவ சொல்லுங்க."

இருவரும் சேர்ந்து அவரை மாற்றிப் படுக்கவைத்தார்கள். மெத்தையின் குழி அவருக்குப் பெரியதாக இருந்தது. உள்ளே உருண்டு விழுந்தார். யாரோ ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்ததுபோல் இருந்தது என்று பிற்பாடு மில்ட்ரெட்டிடம் சொன்னார். சொன்னதோடு சரி, அதைப் பற்றி மறுபடி பேசச் சம்மதிக்கவில்லை.

விடிந்ததும் ஸ்ட்ரெச்சரோடு ராஜஸ்ரீ வந்தார். ஜன்னலோரக் கட்டிலில் ஓர் ஆள் கிடப்பதைக் கண்டு கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கிட்டே வந்து முகத்தைப் பார்த்தார். அந்தத் துறையில் முகத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

"பத்மநாபன்?" என்று கேட்டார்.

"ஆமா" என்றார் ஜோசப்ராஜ்.

ராஜஸ்ரீ ரத்தத்தைப் புதிதாக ஒரு தரம் சோதிக்கச் சொன்னார். காலியான கட்டிலின் தலைமாட்டிலிருந்து ஜோசப்ராஜின் ஸ்கேன் படத்தை உருவித் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அறுவைக்கூடத்தில் நடந்ததை அமலா பின்னால் சொன்னார். இயந்திரத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். பேராசிரியர்கள் தொப்பியும் முகமூடியுமாக நின்றார்கள். டாக்டர் லிமயே முதலில் ஆறுதலின் அருமையைப் பற்றிப் பேசினார். நோயாளி நாள்கணக்கில் காய்ச்சலின்றி, வலியின்றி, ஒரு முனகல்கூட இன்றி இருந்ததை விவரித்தார். டெலஸ்கோப்பை விட்டார். திரையில் தெரிந்தது பித்தப்பையே அல்ல; கறுத்து, வெடிக்கும் பதத்தில் இருந்த ஏதோ ஒன்று. ஒரு பேராசிரியர் "அடடா" என்றார். ராஜஸ்ரீ மெதுவாகக் கத்தியை எடுத்து நீட்டினார். வேறு வழியில்லை, டாக்டர் லிமயே வாங்கிக்கொண்டார். வயிற்றைக் கிழித்தார். அவர் கை நல்ல கை; அதை மறுக்க முடியாது. பை உடையாமல் முழுசாக வந்தது.

தையல் போடும்போது அவர் பேராசிரியர்கள் பக்கம் திரும்பினார்.

"கவனியுங்கள். இவ்வளவு நன்றாக ஆறவைத்தும் உள்ளே இந்த நிலை. ஆறவைக்காமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்! மேலும், இதை டெலஸ்கோப்பின் தோல்வி என்று யாரும் குறித்துக்கொள்ள வேண்டாம். டெலஸ்கோப் வாசல்வரை வழிகாட்டியது. வாசலைக் கையால் திறந்தோம். வீட்டுக்குள் போகிறவர் யாரும் ஜன்னல் வழியாகவே போக வேண்டும் என்று சட்டமில்லை."

பேராசிரியர்கள் கைதட்டினார்கள். கையுறையோடு தட்டியதால் சத்தம் ஈரமாக வந்ததாம். கல் பத்மநாபனின் பாட்டிலுக்குள் போயிற்று.

ஜோசப்ராஜ் பிழைத்தார். காய்ச்சல் விட்டது. ஆனால் ஜன்னலோரம் படுத்தபடி அவர் கேட்க வேண்டியிருந்தவை விசித்திரமானவை. காலையில் பெரியவர் அவரைத் தாண்டிப் போய், பக்கத்துக் காலிக் கட்டிலின் முன்னால் நிற்பார்.

"ஜோசப்ராஜ்? காய்ச்சல்?"

"இல்லை, ஸர்."

"வலி?"

"இல்லை, ஸர்."

"பார்த்தீர்களா, இவரும் ஆறுகிறார்!"

ஜோசப்ராஜ் போர்வைக்குள் தன் கையைத் தானே பிடித்துப் பார்த்துக்கொள்வார். பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கும் அந்த ஆளுக்கும் கிச்சடி வந்தது. ஆவி பறந்தது, அடங்கியது. ஒருநாள் அந்தக் கட்டிலிலிருந்து தன் இருமல் கேட்டதாக நினைத்து எழுந்து உட்கார்ந்தார். தையல் இழுத்தது. வலித்ததில் அவருக்கு ஒரு நிம்மதி.

வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தபோதுதான் சிக்கல். நோயாளியைச் சேர்த்த உறவினரிடமே ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. பத்மநாபனை அழைத்துப் போக மில்ட்ரெட்டுக்கு உரிமையில்லை. அவர் ஜோசப்ராஜின் மனைவி, ஜோசப்ராஜ் இன்னும் ஆறவில்லை. உண்மையைச் சொன்னால் ராஜஸ்ரீயும் அமலாவும் தெருவில். அவர்கள் மூவரும் நடையில் நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தபோதே ஆபீஸ் தன் கடமையைச் செய்துவிட்டிருந்தது. ஹடப்சரில் பக்கத்து வீட்டு நம்பருக்கு போன் போட்டிருந்தது.

கனகவல்லி வந்தார். வெறும் நெற்றி. கையில் ஒரு பை. வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்து நின்றார்.

மில்ட்ரெட் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, மன்னிச்சிருங்கக்கா. அவரு எடத்துல இவர படுக்க வெச்சது நான்தான். எனக்கு வேற வழி தெரியல."

கனகவல்லி கையை உருவிக்கொள்ளவில்லை. கட்டிலருகே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"போன் வந்துதுங்க" என்றார், யாரையும் பார்க்காமல். "ஆப்ரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, ஊட்டுக்குப் போட்டுட்டுப் போறதுக்குத் துணி எடுத்துக்கிட்டு வாங்கன்னாங்க. போன எடுத்த புள்ள அழுதுட்டா. எனக்கு அழுகை வரலீங்க. சாம்பலக் கரைச்சது நானு. ஆத்துல எறங்கி என்ற கையாலதான் கரைச்சேன். ஆனாலும் பாருங்க, அத்தன உறுதியாச் சொல்றாங்க. படிச்சவங்க. துணிய மடிச்சு வெச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டேன். பாதி வழி வரைக்கும் நெசமாவே நெனச்சுட்டு வந்தனுங்க."

ஜோசப்ராஜ் எழுந்து உட்கார முயன்றார்.

"படுங்க, படுங்க. தையல் இழுத்துரப் போகுது." கொஞ்ச நேரம் கழித்து, "எங்க கிழிச்சாங்க, காட்டறீங்களா?" என்றார்.

ஜோசப்ராஜ் மில்ட்ரெட்டைப் பார்த்தார். மில்ட்ரெட் தலையசைத்தார். அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். கனகவல்லி குனிந்து, தழும்பாகத் தொடங்கியிருந்த அந்தக் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். தொடவில்லை.

"நல்லாத்தான் தெச்சிருக்காங்க" என்றார்.

அந்த நேரத்தில் ஊர்வலம் உள்ளே வந்தது. வார்டு பாய் ஜன்னலைச் சாத்தினார். வெற்றிகரமான நோயாளி வீடு திரும்புகிறார் என்று தெரிந்ததால் டாக்டர் லிமயே நின்று, உறவினருக்கு நேரடியாக அறிவுரை வழங்க முன்வந்தார். இது அபூர்வம். கனகவல்லி எழுந்து நின்றார்.

"நீங்கள்தான் மனைவியா? நல்லது. உங்கள் கணவரை நாங்கள் மீட்டுக் கொடுத்திருக்கிறோம். ஆனால் ஒன்று சொல்வேன், தவறாக நினைக்கக் கூடாது. ஆண்கள் வலியை மறைப்பார்கள். மனைவிதான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் கொஞ்சம் கவனமாக இருந்து சீக்கிரம் அழைத்துவந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. இனிமேலாவது அவரைக் கவனித்துக்கொள்ளுங்கள்."

ராஜஸ்ரீ தரையைப் பார்த்தார். கனகவல்லி பெரியவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ அடையாளம் தெரிந்துகொள்ள முயல்பவர்போல. பெரியவரின் கண்கள் ஒருமுறைகூட அந்த வெறும் நெற்றிக்கு வரவில்லை.

"சரிங்க" என்றார் கனகவல்லி.

"கேள்வி ஏதாவது?"

"இல்லீங்க."

பையிலிருந்து சட்டையை எடுத்தார். வெள்ளையில் சின்னக் கட்டம். இஸ்திரி போட்டிருந்தது. ஜோசப்ராஜுக்கு அவரே கையை நுழைத்துப் போட்டுவிட்டார். தோள்கள் இறங்கித் தொங்கின. சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில், நாற்காலியின் கையைப் பிடித்தபடி நடந்தார். கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டார். தெருவோரம் மில்ட்ரெட் ஆட்டோவோடு நின்றிருந்தார்.

ஜோசப்ராஜைத் தூக்கி உட்காரவைத்ததும் மில்ட்ரெட், "அக்கா, நீங்களும் ஏறுங்க. வீட்டுக்கு வந்துட்டுப் போலாம்" என்றார்.

"இல்லீங்க, பஸ் வந்துரும்."

"சட்டைய..." என்று ஜோசப்ராஜ் ஆரம்பித்தார்.

"போட்டுக்கோங்க" என்றார் கனகவல்லி. சுருண்டிருந்த காலரை இழுத்து நேராக்கினார். ஆட்டோ கிளம்பியது. சாலை திரும்புகிறவரை அந்த வெள்ளைத் தோள் வெளியே தெரிந்தது.

முன்வாசல் வாட்ச்மேன் குடையோடு வந்து பக்கத்தில் நின்றார். சக்கர நாற்காலியோடு கனகவல்லி வந்ததைப் பார்த்திருந்தார்.

"பாயி, மாலக் பரே ஜாலே கா?" என்றார். உங்கள் வீட்டுக்காரர் குணமாகிவிட்டாரா?

காய்கறிச் சந்தையில் கற்ற மராத்தியில் கனகவல்லி, "ஹோ, பரே ஜாலே" என்றார். ஆமாம், குணமாகிவிட்டார். சொல்லிவிட்டு, காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஹடப்சர் பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார்.